சண்டை மாதத்துப் படி

எங்கள் தாலுகா கச்சேரியின் பின்பக்கத்தில் சப்-ஜெயில் இருந்தது. தர்மபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் அந்த ஜெயிலில் வார்டர். ஜெயில் சுவரை ஒட்டியே எங்களுக்கு இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். வார்டரின் மனைவியாகத்தான் நான் அங்கே குடிபோனேன். போன இரண்டாம் வருடமே எனக்கும் அங்கே ஒரு வேலை ஏற்பட்டது. அதை வேலை என்று சொல்லலாமா கூடாதா என்பதில்தான் பிறகு சச்சரவு வந்தது.

பெண் கைதி யாராவது உள்ளே வந்தால் ஆண் வார்டர் காவல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் பெண் வார்டர் என்று ஒரு பதவி எங்கள் ஜெயிலில் கிடையாது. எப்போதோ வருகிற ஒருத்திக்காக வருடம் பூராவும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பார்களா? அதனால் பெண் கைதி வரும்போது மட்டும் ஊரில் யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள், வீடும் பக்கத்திலேயே இருந்தது. தாசில்தார்தான் ஜெயிலுக்கும் மேலதிகாரி. அவர் என் கணவரைக் கூப்பிட்டு, "வெளியே எதுக்குய்யா தேடணும், உன் சம்சாரத்தையே வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் என் நியமனம்.

ஹெட் வார்டர் எங்கள் வீட்டுச் சன்னலைத் தட்டுவார். அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜெயிலில் எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். "ஏம்மா, உள்ள ஒரு பொம்பள வந்துருக்குது, வந்துரு" என்பார். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போவேன். வந்தவளை மறைவாக அழைத்துப் போய்ச் சோதனை போட வேண்டும். பெண்களுக்கென்று ஓரத்தில் இருந்த ஒற்றை அறையில் விட்டுப் பூட்ட வேண்டும். சாவி என்னிடம் இருக்கும். இரவு அந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். என் இரண்டு பிள்ளைகளும் சில நாள் என்னோடு வந்து படுப்பார்கள், சில நாள் அப்பாவோடு வீட்டில் இருப்பார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் கள்ளச் சாராயக் கேஸ். மற்றவர்கள் சந்தையில் சங்கிலி அறுத்தவள், வாய்க்கால் தகராறில் மண்டையை உடைத்தவள் என்று இருப்பார்கள். ஒருநாள் இரண்டுநாளில் ஜாமீன் கிடைத்துப் போய்விடுவார்கள். தண்டனை அடைந்தவர்களை வேலூருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் போனதும் என் வேலையும் போய்விடும். சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைப்பேன்.

பணம் உடனே வராது. கிளார்க் நான் வந்த நாட்களைக் கூட்டி ஒரு பில் எழுதி மேலே அனுப்புவார். அது எப்போது பாஸாகித் திரும்பி வருகிறதோ அப்போது கூப்பிட்டுக் கொடுப்பார். ஒன்றாம் தேதி வார்டர்கள் கிளார்க்கின் மேசை முன்னால் வரிசையாக நின்று, சம்பளப் பட்டியலில் ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். எனக்குத் தனியாக ஒரு வவுச்சர். அதில் "பெண் காவல் ஆள் கூலி" என்று எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கையில் பணம் வந்ததே பெரிதாக இருந்தது.

எழுபத்தொன்றில் சாராயக் கடைகளைச் சர்க்காரே திறந்துவிட்டது. கள்ளச் சாராயம் காய்ச்சியவர்கள் அடங்கிப் போனார்கள். பெண்கள் வருவது குறைந்துபோனது. தொடர்ந்து சில மாதங்கள் பாய் எங்கள் சன்னலைத் தட்டவே இல்லை. அந்த வருடக் கடைசியில், நவம்பர் முடியும் சமயத்தில்தான் அந்த அம்மாள் வந்தாள்.

சித்தேரி மலை அடிவாரத்தில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமம். நாற்பது வயதைத் தாண்டியவள். புருஷன் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. மஞ்சளும் மரவள்ளியும் போட்டிருந்த நிலத்தைத் தானே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள். கிணறும் மோட்டாரும் அவளுக்கும் புருஷனுடைய தம்பிக்கும் பொது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் தகராறு முற்றி, அவன் மோட்டார் அறைக்குத் தன் பூட்டைப் போடப் போயிருக்கிறான். இவள் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டாள். அவன் தோள்பட்டை எலும்பு முறிந்து சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சோதனை போடும்போது இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் ரூபாயும் சில்லறையும், வெற்றிலை பாக்கு, ஒரு பெரிய சாவி.

"சாவிய மட்டும் எங்கிட்டயே விட்டுடும்மா."

"எதுவும் உள்ள வெச்சுக்கக் கூடாதுக்கா. ஆபீசுல பத்திரமா இருக்கும்."

"மோட்டார் ரூமு சாவி. இது என் இடுப்புல இருக்கறவரைக்குந்தான் என் காட்டுக்குத் தண்ணி."

"நீங்களே இங்க இருக்கறப்ப சாவி எங்க இருந்தா என்னாக்கா?"

சாவியை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு, "அதுவுஞ் செரிதான்" என்று கொடுத்துவிட்டாள்.

அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் இருந்து எழுந்து வராததால் அவளுக்கு லேசில் ஜாமீன் கிடைக்கவில்லை. வாரம் ஒன்று போய், இரண்டாவது வாரமும் போயிற்று. அத்தனை நாள் ஒரே கைதியோடு நான் அதற்கு முன் இருந்ததில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருப்போம். காண்டிராக்டர் அனுப்பும் சாப்பாட்டில் புளிக்குழம்பு தண்ணீராக இருக்கும். அவள் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மஞ்சள் செடிக்கு மண் அணைத்தார்களா, ஆட்களுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதே அவளுக்குக் கவலை. காரிமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகளும், பாப்பாரப்பட்டியில் இருந்த தம்பியும் மாறி மாறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களிடமும் இதையேதான் கேட்பாள்.

ஒருநாள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, ஒனக்கு மாசம் எவ்ளோ குடுக்கறாங்க?"

"மாசமெல்லாம் இல்லக்கா. நாள் கணக்கு."

"அப்ப கூலியா?"

"அப்பிடித்தான் எழுதறாங்க."

"யாரும் வராத நாள்ல?"

"வரலன்னா எனக்கு வேல இல்ல. வேல இல்லன்னா காசு இல்ல."

அவள் யோசித்தாள். "அப்ப நான் உள்ள இருக்கறதுனாலதான் ஒனக்குக் காசு. நான் வூட்டுக்குப் போயிட்டா ஒனக்கு நின்னுபோவும்."

இதை நான் மனதுக்குள் பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் கைதியின் வாயிலிருந்து கேட்டதும் முகம் சூடாகிவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கணக்குச் சரியாக வரவில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"எங்காட்டுல களையெடுக்க வர்றவளுக்கு, பாதில மழ வந்து நின்னுட்டாக்கூட அரக்கூலி குடுத்துத்தான் அனுப்புவன். இது என்னா கவுருமெண்டும்மா?"

அதன் பிறகு அவள் என்னை வார்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தங்கச்சி என்றே கூப்பிட்டாள்.

இதற்கிடையில், டிசம்பர் தொடக்கத்திலேயே பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கச்சேரி எதிரில் இருந்த டீக்கடையில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். எங்கள் ஊர் மேலே ஒரு விமானமும் பறக்கவில்லை. ஆனாலும் ஜெயிலில் எல்லாம் மாறிப்போயிற்று. வெளிக்காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களை ரயில் பாலத்துக்கும் அணைக்கட்டுக்கும் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையும் வார்டர்கள் தலையில் விழுந்தது. யாருக்கும் லீவு கிடையாது. என் கணவர் பகல் பாராக் காவலை முடித்துவிட்டுச் சாப்பிட்டதும் வெளிவாசலில் நிற்கப் போவார். வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். நான் தாழ்வாரத்தில் இருப்பேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாய் வீட்டிலிருந்துதான் பாதி நாள் சாப்பாடு வந்தது. பாயின் சம்சாரம் தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்தனுப்புவார்.

அந்தச் சமயத்தில் கிளார்க் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்கு வந்தார். யுத்த நிதிக்கு ஒருநாள் சம்பளம் கொடுக்கச் சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பாய் முதலில் போட்டார். வார்டர்கள் போட்டார்கள். பெருக்குகிறவர் கைநாட்டு வைத்தார். கிளார்க் என்னிடமும் நீட்டினார்.

"எனக்கு ஏதுங்க சம்பளம்?"

"உங்களுக்குச் சேர வேண்டியதுல ஒருநாள பிடிச்சுக்கறம். ஜெயில் ஸ்டாஃப்ல ஒருத்தர்கூட விட்டுப்போவக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரும்மா."

ஜெயில் ஸ்டாஃப் என்று என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன். கம்பிக்குள்ளிருந்து அந்த அம்மாளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசில் இருக்கும் தன் சுருக்குப் பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து நிதியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். கைதியிடம் வாங்க விதி இல்லை என்று கிளார்க் சொல்லிவிட்டார்.

சண்டை சீக்கிரமே முடிந்தது. அது முடிகிற சமயத்தில் ஓர் உத்தரவு வந்தது. பாய் அதை வாசலில் நின்று படித்துக் காட்டினார். அந்த டிசம்பர் மாதம் முழுவதும் லீவு இல்லாமல் காவல் பணி பார்க்கும் ஜெயில் ஊழியர்களுக்கு, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் தனியாக ஒரு படி. அடிப்படைச் சம்பளத்தில் கால் பங்கு போல வரும். உத்தரவில் அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. வார்டர்கள் அதைச் 'சண்டைப் படி' என்றார்கள். அன்றைக்கு ஜெயிலில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஒருவர் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போவதாகச் சொன்னார். என் கணவர் அன்று இரவு பாராவுக்குப் போகும்போது மெதுவாக விசிலடித்துக்கொண்டு போனார்.

நான் கிளார்க்கிடம் கேட்டேன். "எனக்கும் உண்டுங்களா?"

அவர் உத்தரவைத் திருப்பிப் பார்த்தார். "ஊழியர்கள்னுதான போட்டிருக்குது. நீங்களும் ஒண்ணாந் தேதில இருந்து இருக்கறீங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் இருந்துட்டா சேத்து எழுதிப் பாக்கலாம்மா."

முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் நான் இருப்பது என் கையில் இல்லை. அந்த அம்மாள் இருந்தால் நான் இருப்பேன். அவளிடம் இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வாசலில் பாய் உரக்கப் படித்தது அவள் காதிலும் விழுந்திருந்தது. கிளார்க்கிடம் நான் கேட்டதும் விழுந்திருந்தது. வெற்றிலை இல்லாத வாயை மென்றுகொண்டிருந்தாள்.

மாதக் கடைசி வாரத்தில் ஜாமீன் உத்தரவு வந்தது. அடிபட்டவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதால் கோர்ட்டில் சம்மதித்துவிட்டார்கள். பாப்பாரப்பட்டித் தம்பியும் இன்னொருவரும் ஜாமீன் நின்றார்கள். தம்பி வாடகைக் கார் ஒன்று பேசிக்கொண்டு வந்து வெளியே நிறுத்தியிருந்தான். பாய் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "கதவத் தெறம்மா" என்றார். நான் பூட்டைத் திறந்தேன். அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"நான் இப்ப போவலைங்க."

பாய்க்கு விளங்கவில்லை. "ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இன்னும் ரவ நாளு இருந்துட்டு மாசம் பொறந்ததும் போறன். மஞ்சள் வெட்டு பொங்கலுக்கு அப்பறந்தான. எனக்கு ஒண்ணும் அவுசரமில்ல."

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னா பேசற நீ? கோர்ட்டுக்கும் வக்கீல் வூட்டுக்கும் எத்தன நாள் அலஞ்சிருக்கறன் தெரியுமா?" என்று கத்தினான்.

"நீ சும்மா இருடா. இந்தத் தங்கச்சிக்கு மாசம் முழுக்க இருந்தாத்தான் அந்தப் படி வருமாம். ஒரு மாசமா என் வாசல்ல பனியில படுத்துக் கெடக்குது. இந்த நாலு நாள் இருந்துட்டுப் போனா எனக்கு என்னா கொறஞ்சுபோவுது?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் அவளிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். "நான் ஒண்ணும் சொல்லலீங்க பாய்" என்றேன்.

பாய் கோபிக்கவில்லை. உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார். "இத பாரும்மா. விடச் சொல்லி ஆர்டர் வந்த பிற்பாடு ஒரு மணி நேரம் உன்ன உள்ள வெச்சிருந்தாலும் என் வேல போயிடும். இந்தப் புள்ளையோட புருசன் வேலையும் சேந்து போயிடும். அதுக்கா இருக்கப் போற?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை நாளில் அந்த அறைக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "நீங்க இங்க இருந்து எனக்குக் காசு வந்தா, அந்தக் காச நான் எப்பிடிக்கா செலவு பண்றது? புள்ளைங்களுக்குத் துணி எடுத்தாக்கூட உங்க நெனப்புதான் வரும். எந்திரிங்க. மக காத்துக்கிட்டிருக்கும்."

"நெசமாவே சொல்றியா?"

"நெசமாத்தான்."

அப்போது நான் சொன்னது முழுக்க நிஜமில்லை. பாதி நிஜம். அந்தப் படி எனக்கு வேண்டும் என்றும் இருந்தது, இவள் போய்விட வேண்டும் என்றும் இருந்தது. அவள் எழுந்து புடவையை உதறிக் கட்டினாள். ஆபீசில் சுருக்குப் பையை வாங்கி முதலில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். காரில் ஏறுவதற்கு முன்னால் பாயைப் பார்த்துக் கும்பிட்டாள். என் கையைப் பிடித்து, "மஞ்சள் வெட்டுனதும் கொண்டாந்து தர்றன், வேணான்னு சொல்லக் கூடாது" என்றாள். கார் போனதும் அறைச் சாவியைப் பாயிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "போயித் தூங்கும்மா" என்றார்.

ஜனவரி முதல் வாரத்தில் வார்டர்களுக்குச் சம்பளத்தோடு படியும் சேர்ந்து வந்தது. என் கணவர் கொண்டுவந்து என்னிடம் முழுவதையும் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான் கொடுப்பார்.

"எனக்கு எழுதலையாங்க?"

"நீதான் மாசம் முடியறவரைக்கும் இல்லையே."

"மூணு வாரத்துக்கு மேல இருந்தனே. அதுக்குத் தகுந்தாப்பல குடுக்கலாமில்ல?"

"கிளார்க்கக் கேட்டன். மாசம் முடிச்சிருந்தாலும் வராதுங்கறாரு. சம்பளம் வாங்கறவங்களுக்குத்தானாம். ஒனக்குக் கூலிதான, அதனால கெடையாதாம்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "விடு. எல்லாம் ஒரே வூட்டுக்குத்தான வருது."

அதுதான் என்னைச் சுட்டது. மாதம் முடிக்காததால் இல்லை என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கூலி என்பதால் இல்லை என்றால், அந்த அம்மாள் இன்னும் நாலு நாள் சிறையில் கிடந்திருந்தாலும் வீணாகத்தான் போயிருக்கும். கிளார்க் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், தாசில்தாரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

என் கணவர் பயந்துபோனார். "என் வேலைக்கு வந்துரும்டி."

"உங்க வேலையப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டன். என் வேலையப் பத்தி மட்டும் கேக்கறன்."

கடைசியில் அவரே கச்சேரி வாசல் வரை கூட வந்தார். உள்ளே வரவில்லை. புளியமரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தாசில்தார் கடுமையான மனிதர் இல்லை. உட்காரச் சொல்லவில்லை, ஆனால் முழுவதும் கேட்டார். கிளார்க்கையும் கூப்பிட்டார். கிளார்க் அதே பதிலைச் சொன்னார். "தினக்கூலிங்க ஐயா. ஸ்டாஃப்ல வராது."

"யுத்த நிதிக்கு எங்கிட்ட ஒருநாள் பிடிச்சீங்களே, அப்ப நான் ஸ்டாஃபுன்னு சொன்னீங்களே" என்றேன். "குடுக்கறப்ப ஸ்டாஃபு, வாங்கறப்ப கூலிங்களா?"

கிளார்க் தரையைப் பார்த்தார். தாசில்தார் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நியாயம்தாம்மா. ஆனா நான் தீர்மானிக்கிற விஷயம் இல்ல. எழுதிக் கேக்கறேன்" என்றார். எழுதுவதாகச் சொன்னபடியே எழுதினார். அது எனக்குத் தெரியும். நகலில் என் பெயரைக் கிளார்க் தப்பாக எழுதியிருந்ததை அவரே திருத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதில் சித்திரை வெயிலில் வந்தது. தினக்கூலி ஆட்களுக்கு அந்தப் படி பொருந்தாது. அதோடு இன்னொரு வரியும் இருந்தது. ஊழியர் அல்லாத ஒருவரிடமிருந்து யுத்த நிதிக்குப் பிடித்தம் செய்தது தவறு, அந்தத் தொகையை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கிளார்க் அதைப் படித்துவிட்டு, மேசை அறையைத் திறந்து அந்த ஒருநாள் கூலியை எடுத்து நீட்டினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அங்கே நின்று அழக் கூடாது என்று, "இது நான் சண்டைக்குக் குடுத்த காசுங்க. எனக்கு வேணாம்" என்றேன்.

"வேணாம்னு சொல்லக் கூடாதும்மா. கணக்கு இடிக்கும்" என்றார். அவரும் பாவம், கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "இருபது ரூபாய்க்குள்ள இருக்கறதால ஸ்டாம்ப் வேணாம். சும்மா கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்தார். அவருடைய படியில் வாங்கியதா, எதில் வாங்கியது என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மாள் சொன்னபடி மஞ்சள் கொண்டுவந்தாள். வாய்தாவுக்கு வந்த நாளில் ஒரு சாக்குப் பையில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தாள். படி வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். யுத்த நிதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கும் அது சிரிக்கக்கூடிய விஷயமாகத் தெரிந்தது. கேஸ் ஒரு வருடத்துக்கு மேல் இழுத்து, கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி ராஜியாகப் போயிற்று. கிணற்றில் இரண்டாவது மோட்டார் ஒன்றை இறக்கி ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். கொழுந்தனுக்குத் தோள் முழுசாகச் சரியாகவில்லை. அவன் பங்குக் காட்டுக்கும் இவளே சில நாள் தண்ணீர் திருப்பிவிடுவாள் என்று அவள் மகள் சொன்னாள்.

எழுபத்துநாலில் சர்க்கார் மறுபடியும் சாராயக் கடைகளை மூடியது. அதோடு எங்கள் ஜெயிலின் ஒற்றைப் பெண் அறை நிரம்ப ஆரம்பித்தது. மலைக்காட்டில் ஊறல் போட்டவள், குடத்தில் சுமந்தவள், பஸ்ஸில் டியூபில் அடைத்துக் கொண்டுபோனவள் என்று ஒருத்தி போவதற்குள் மூன்று பேர் வருவார்கள். கைக்குழந்தையோடு வருவார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்த நாட்கள் குறைந்துபோயின. நாள் கூலி பில் மாதா மாதம் நீண்டுகொண்டே போனதைப் பார்த்து மேலே இருந்தவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிரந்தரமாக ஒரு பெண் வார்டரை வைப்பது மலிவு என்று தெரிந்திருக்கிறது. பதவி ஒன்று அனுமதியாகி வந்தது. அப்போது வேறு தாசில்தார். பாயும் ரிட்டயர் ஆகும் தறுவாயில் இருந்தார். அவர்தான் என் பெயரை எழுதி அனுப்பச் சொல்லி மூன்று முறை கச்சேரிக்கு நடந்தார்.

பயிற்சிக்கு வேலூருக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளை விட்டு அதுவரை ஓர் இரவு கூட வெளியூரில் தங்கியதில்லை. என் கணவர் பஸ் ஏற்றிவிட வந்தார். சோறு வடிக்க அவருக்கு அந்த வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பஸ் கிளம்பும்போது, "கஞ்சிய வடிச்சதும் தட்ட மூடணுமா, தெறந்து வெக்கணுமா?" என்று சன்னல் வழியாகக் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலூரில் காலையில் முற்றத்தில் பெண் வார்டர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மலைத்துப் போனேன். அத்தனை வருடமும் இந்த வேலையை உலகத்தில் நான் ஒருத்திதான் செய்கிறேன் என்பதுபோல இருந்திருக்கிறேன். காக்கிப் புடவையை எப்படிக் கொசுவம் வைத்துக் கட்டினால் ஓட முடியும் என்று சித்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் கட்டிக் காட்டினார். ரிஜிஸ்தரில் என் விவரங்களை எழுதிய மூத்த வார்டர், "இதுக்கு முன்னாடி சர்வீஸ் உண்டா?" என்று கேட்டார்.

"ஆறு வருசத்துக்கு மேல இருக்குங்க. கூலில."

"கூலி சர்வீஸ்ல சேராது. புதுசுன்னே போட்டுக்கிறேன்" என்றார்.

சரி என்றேன். இன்று நான் வாங்கும் பென்ஷனில் அந்த ஆறு வருடம் இல்லை. என் கணவர் இருந்தவரை ஒன்றாம் தேதி வந்தால் இருவரும் சேர்ந்தே கருவூலத்துக்குப் போவோம். நான் அவருக்குப் பல வருடம் பிந்தி ரிட்டயர் ஆனதால், கடைசி வருடங்களில் அவருடையதைவிட என்னுடையது கொஞ்சம் அதிகமாக வந்தது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும், "இன்னிக்கு நீதான் காபி வாங்கித் தரணும்" என்பார்.